நகர மரப் பதிவேட்டில் பட்டுப்போன மரங்களுக்கும் இடம் வேண்டுமா?

நிழற்சாலை (இழையைத் தொடங்கியவர்)

நகரங்களின் மரக் கணக்கெடுப்பு பற்றிய செய்திகளில் பெரும்பாலும் ஒரே ஓர் எண்தான் தலைப்பில் நிற்கிறது: இத்தனை இலட்சம் மரங்கள் உள்ளன என்பது. வெப்பம் ஏறிக்கொண்டே போகும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு நகரம் என்ன முடிவெடுக்க முடியும் என்று கேட்டால், ஏறக்குறைய ஒன்றும் முடியாது என்பதே என் கருத்து. எந்த இனம், எந்த வகை இடத்தில், எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது, எதனால் பட்டுப்போனது என்ற விவரங்கள் இல்லாத பதிவேடு, இறந்தவர் பெயர் நீங்காத வாக்காளர் பட்டியலைப் போன்றது. பார்க்கப் பெரிதாக இருக்கும், நம்பிச் செயல்பட முடியாது.

நியூயார்க் நகரம் தன் தெருமரங்களை 1995, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் தன்னார்வலர்களின் துணையோடு எண்ணியது. 2015இன் தரவுத் தொகுப்பு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. அதில் 6,83,788 வரிசைகள் உள்ளன. அவற்றில் உயிரோடு இருப்பவை 6,52,173, நின்ற நிலையிலேயே பட்டுப்போனவை 13,961, அடிக்கட்டையாக மட்டும் எஞ்சியவை 17,654. பரவலாகச் சொல்லப்படும் 6,66,134 என்ற எண், பட்டுப்போய் நிற்கும் மரங்களையும் உள்ளடக்கியது.

தட்பவெப்ப மாற்றத்துக்கு ஆயத்தமாக விரும்பும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியவை அந்தப் பட்டுப்போன மரங்களும் அடிக்கட்டைகளும்தான். ஆனால் அந்த முப்பதாயிரத்துச் சொச்சம் வரிசைகளில் இனப்பெயருக்கான கட்டம் காலியாக இருக்கிறது. இலையும் பூவும் இல்லாத மரத்தை அடையாளம் காண்பது கடினம் என்பதால் அப்படி விட்டிருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. இருப்பினும், எது செத்தது என்று தெரியாத நிலையில் எதை நடக்கூடாது என்பதும் தெரியாமலே போகிறது.

இதை முன்வைத்து மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். பதிவேட்டில் எவையெல்லாம் இருக்க வேண்டும்? யார் பதிய வேண்டும்? எத்தனை காலத்துக்கு ஒருமுறை?

அளவுநாடா

உங்கள் முதல் கேள்வியை ஒட்டிச் சொல்கிறேன். புதிய கட்டங்களைச் சேர்ப்பதற்கு முன், இருக்கும் கட்டங்கள் சரியாக நிரப்பப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடிமரத்தின் பருமனை மார்பளவு உயரத்தில் அளப்பது உலக வழக்கம். அந்த உயரம் ஐரோப்பாவில் 1.3 மீட்டர், அமெரிக்காவில் 4.5 அடி, அதாவது 1.37 மீட்டர். எந்த உயரத்தில் அளந்தோம் என்பதைப் பதிவேட்டிலேயே எழுதிவைக்காவிட்டால், பத்து ஆண்டுகள் கழித்து வேறொருவர் வேறு உயரத்தில் அளந்துவிட்டு, மரம் இளைத்துவிட்டது என்று முடிவு கட்டுவார்.

அதைவிடப் பெரிய தொல்லை, நாடாவில் படித்த சுற்றளவை விட்டத்துக்கான கட்டத்தில் எழுதிவிடுவது. சுற்றளவு 94 செ.மீ. என்றால் விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ. அந்த 94ஐ விட்டமாக எழுதினால் அடிமரத்தின் குறுக்குப்பரப்பு கணக்கில் ஏறத்தாழப் பத்து மடங்காகிவிடும். அதைக் கொண்டு கணக்கிடும் கரிம இருப்பும், அதாவது மரம் தன்னுள் சேர்த்துவைத்திருக்கும் கரிமத்தின் அளவும், வானத்துக்குப் போய்விடும். இதற்கு எச்சரிக்கைக் குறிப்புகளோ பயிற்சி வகுப்புகளோ உதவுவதில்லை. படிவத்தில் சுற்றளவுக்கு மட்டும் கட்டம் வைத்துவிட்டு, விட்டத்தைக் கணினியே வகுத்துக்கொள்ளும்படி செய்வதே தீர்வு.

அடுத்தது இருப்பிடம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் கைபேசியின் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். அடுத்த மரமோ ஆறு மீட்டரில் நிற்கும். நியூயார்க்கின் 2015 கணக்கெடுப்பில் இதைத் தவிர்க்க, தன்னார்வலர்கள் தெருமுனையிலிருந்து அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போய், நடைபாதையின் விளிம்பில் ஒவ்வொரு மரமும் எத்தனை தொலைவில் நிற்கிறது என்று குறித்தார்கள். பழைய முறைதான், ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் அதே மரத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க அது உதவும். அதே மரம் என்ற உறுதி இல்லாமல் இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ஒரு பயனும் இல்லை.

வான்நோக்கு

நாடாவும் சக்கரமும் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பது இந்தக் காலத்தில் தேவையா என்று கேட்கத் தோன்றுகிறது. கடைசித் தெருவை எண்ணி முடிப்பதற்குள் முதல் தெருவின் கணக்கு பழையதாகிவிடுகிறது. சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் சில நாள்களுக்கு ஒருமுறை படம் எடுத்து இலவசமாகத் தருகின்றன. விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தொலைவை அளக்கும் லிடார் கருவியால் வருடினால் மரத்தின் உயரமும், கவிகையின் பரப்பும், அதாவது கிளையும் இலையும் குடைபோல் மூடும் பரப்பும், கிடைத்துவிடும்.

மேலும், மக்களை வெப்பத்திலிருந்து காப்பது மரத்தின் எண்ணிக்கை அன்று, கவிகையின் பரப்பு. 93 ஐரோப்பிய நகரங்களை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மரக்கவிகையை 30 விழுக்காட்டுக்கு உயர்த்தியிருந்தால், 2015ஆம் ஆண்டுக் கோடையில் நகர வெப்பத் தீவு விளைவால் (சுற்றுப்புறத்தை விட நகரம் கூடுதலாகச் சூடேறுவதால்) நேர்ந்த இறப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தவிர்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆக, அளக்க வேண்டியது கவிகை. அதை வானிலிருந்தே அளக்க முடியும்.

நிழற்சாலை

கவிகைப் பரப்புதான் இலக்கு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பரப்பு நாளையும் இருக்குமா என்பதை வானிலிருந்து எடுத்த படம் சொல்வதில்லை. மெல்பர்ன் நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 முதல் 2009 வரை நீடித்த வறட்சிக்குப் பிறகு, அந்நகராட்சி தன் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 70,000 மரங்களைத் தனித்தனியாக மதிப்பிட்டபோது, அவற்றில் 23 விழுக்காடு அடுத்த பத்து ஆண்டுகளிலும், 39 விழுக்காடு இருபது ஆண்டுகளிலும் தம் பயனுள்ள வாழ்நாளின் முடிவுக்கு வந்துவிடும் என்று தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் பச்சையாகத்தான் தெரிந்திருக்கும். மர வல்லுநர்கள் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, நுனிக்கருகலையும் பட்டையின் வெடிப்பையும் தூரில் விழுந்த பொந்தையும் பார்த்த பிறகே அந்தக் கணக்கு கிடைத்தது. 22 விழுக்காடாக இருந்த கவிகையை 2040க்குள் 40 ஆக உயர்த்துவது என்ற 2012ஆம் ஆண்டுத் திட்டம் அந்தப் பதிவேட்டின் மேல்தான் எழுந்தது.

வானிலிருந்து வருவது வரவுசெலவின் கூட்டுத்தொகை என்றால், தரையிலிருந்து வருவதே ஒவ்வொரு பற்றுச்சீட்டும். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் தரையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கவாத்து

கிளை கழிக்கும் குழுக்களை மேற்பார்வையிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். "நல்ல நிலை", "சுமாரான நிலை", "மோசமான நிலை" என்ற மூன்று சொற்களால் மரத்தின் உடல்நலத்தைக் குறிக்கும் பதிவேடுகளில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

நான் வேலை பார்த்த ஊரில் ஒரு புயலின்போது ஒரே தெருவில், ஒரே வரிசையில் நின்ற பெரிய மரங்கள் எல்லாம் அடியோடு சாய்ந்தன. பதிவேட்டில் அவை அத்தனையும் "நல்ல நிலை". புரண்டு கிடந்த வேர்த்தட்டைப் பார்த்தால், சாலைப் பக்கத்து வேர்கள் அனைத்தும் தூரிலிருந்து ஒரு முழத் தொலைவில், நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் அறுபட்டு, வெட்டுமுனைகள் கறுத்து மக்கிப்போயிருந்தன. விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்ந்தன. சில ஆண்டுகளுக்கு முன் கேபிள் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் அறுத்தது. அந்தப் பள்ளத்துக்கான அனுமதி வேறொரு துறையின் கோப்பில் இருந்தது. மரப் பதிவேட்டை வைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒரு பள்ளம் தோண்டப்பட்டதே தெரியாது. இலைகள் செழிப்பாக இருந்ததால், கணக்கெடுக்க வந்தவரும் "நல்ல நிலை" என்றே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகவே பதிவேட்டில் நிலையை விட நிகழ்வு முக்கியம் என்பது என் துணிபு. எந்த நாளில் எந்தப் பக்கம் தோண்டினார்கள், எப்போது கவாத்து செய்தார்கள், எந்தக் கிளையை எவ்வளவு தடிமனில் வெட்டினார்கள், எப்போது தூர் வரைக்கும் சிமெண்ட் பூசினார்கள் என்பனவற்றை அந்தந்த நாளிலேயே எழுத வேண்டும். புயல்கள் கடுமையாகும்போது முதலில் விழப்போவது எது என்பதை இந்தக் குறிப்புகள் சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்லாது.

ஐயவினா

எல்லோரும் பதிவேட்டை நன்மையாகவே பேசுகிறீர்கள். ஒரு மரத்துக்கு எதிரே "எஞ்சிய வாழ்நாள்: பத்து ஆண்டுகளுக்குள்" என்று எழுதிவிட்டால், சாலையை அகலப்படுத்த நினைப்பவருக்கு அதைவிட வாகான சான்று வேண்டுமா? எப்படியும் சாகப்போகிற மரம்தானே என்று வெட்டிவிடுவார்கள். பதியப்படாமல் இருந்திருந்தால் இன்னும் நாற்பது ஆண்டு நின்றிருக்கக்கூடிய மரங்கள், பதியப்பட்டதாலேயே போய்விடக்கூடும். அது மட்டுமன்று, கணக்கெடுப்புக்கு ஆகும் செலவில் கன்றுகளை நட்டு நீர் ஊற்றலாமே என்ற எளிய கேள்விக்கும் இதுவரை யாரும் விடை சொல்லவில்லை.

நிழற்சாலை

உங்கள் இரண்டாம் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். தெருமரங்களின் இறப்பு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டுக்கு ஆண்டு பிழைத்திருப்பவை 94.9 முதல் 96.5 விழுக்காடு என்றும், சராசரி வாழ்நாள் 19 முதல் 28 ஆண்டுகள் என்றும் கண்டது. 95 விழுக்காடு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆயிரம் மரங்கள் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ அறுநூறாகும். பதினான்கு ஆண்டுகளுக்குள் பாதி போய்விடும். கன்றுகள் முதல் சில ஆண்டுகளில் இதைவிட வேகமாகச் சாவதுண்டு. நட்டதைப் பின்தொடராமல் மேலும் மேலும் நடுகிறவர், அதே இனத்தை அதே இடத்தில் மறுபடியும் நட்டு மறுபடியும் இழப்பார். நீர் ஊற்றும் செலவே வீணாகாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு என் விடை, பதிவேட்டை மூடிவைக்காமல் எல்லோருக்கும் திறந்துவைப்பது. மெல்பர்னில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண்ணும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள். முறிந்த கிளையைப் பற்றிப் புகார் தெரிவிப்பதற்காகத்தான். மக்களோ மரங்களுக்கு அன்புக் கடிதங்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த அன்பு ஒருபுறம் இருக்கட்டும். எண்ணிட்ட மரம் ஓர் இரவில் காணாமல் போனால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதிவில் இல்லாத மரத்தை வெட்டினால், அப்படி ஒரு மரம் இருந்தது என்பதற்கே சான்று இராது.

ஐயவினா

திறந்த பதிவேடு என்றால் என் எதிர்ப்பு பாதியாகக் குறைகிறது. ஆனால் "எஞ்சிய வாழ்நாள்" என்ற கட்டத்தை நிரப்பியவரின் தகுதியும், எதைப் பார்த்து அப்படி எழுதினார் என்பதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காரணம் எழுதாமல் மரத்துக்குக் கெடு விதிக்கும் உரிமை யாருக்கும் இருக்கக் கூடாது.

தூர்மண்

மரத்துக்கு எண் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: மரத்துக்கு ஓர் எண், அது நிற்கும் குழிக்கு வேறோர் எண் என்று இரண்டு எண்கள் வேண்டும். மரம் செத்து அதே குழியில் புதுக் கன்றை நடும்போது பழைய எண்ணையே கொடுத்துவிட்டால், நேற்று 60 செ.மீ. விட்டம் இருந்த மரம் இன்று 3 செ.மீ. ஆகிவிட்டதாகப் பதிவேடு காட்டும். மாறாகப் புது எண் கொடுத்துவிட்டு இடத்தை மறந்துவிட்டால், ஒரே குழியில் அடுத்தடுத்து மூன்று கன்றுகள் செத்த செய்தி தொலைந்துபோகும். மூன்றும் மூன்று வெவ்வேறு இனங்கள் என்றால் குற்றம் இனத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. கட்டட இடிபாடு நிரப்பிய குழியாக இருக்கலாம், நீர் வடியாத இறுகிய மண்ணாக இருக்கலாம், எதிரே உள்ள கண்ணாடிச் சுவர் பிற்பகல் வெயிலைத் திருப்பி அடிப்பதாகவும் இருக்கலாம். குழிக்கென்று ஒரு வரலாறு இருந்தால்தான் இது பிடிபடும். எந்த மரமும் இல்லாத வெற்றுக் குழிக்கும் எண் வேண்டும் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

ஜெனீவா நகரில் ஒரு குதிரைச்செஸ்நட் மரத்தின் முதல் இலை எந்த நாளில் விரிகிறது என்பதை 1818ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் குறித்துவருகிறார்கள். அரசு அலுவலர் ஒருவரின் பணிகளில் அதுவும் ஒன்று. மரம் பட்டுப்போனபோது அதற்குப் பதிலாக வேறொன்றைத் தேர்ந்துகொண்டு குறிப்பைத் தொடர்ந்தார்கள். இரு நூற்றாண்டுகளில் அந்த முதல் இலை வெகுவாக முன்கூட்டியே வரத் தொடங்கியது. ஆயினும், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்த மரம் என்பது தெரியாமல் போயிருந்தால், மாறியது பருவமா மரமா என்ற ஐயம் என்றைக்கும் தீர்ந்திருக்காது.

வான்நோக்கு

குழிக்குத் தனி எண் என்பது நல்ல யோசனை; வானிலிருந்து எடுக்கும் தரை வெப்பநிலைப் படத்தை அந்த எண்ணோடு இணைத்துவிட முடியும் என்பதால் என் வேலைக்கும் அது உதவும். இனி ஒரு கேள்வி. எந்த இனம் எதிர்கால வெப்பத்தைத் தாங்கும் என்பதை, ஒவ்வோர் இனமும் இயற்கையில் வளரும் இடங்களின் தட்பவெப்பத்தை வைத்தே கணித்துவிட முடியாதா? ஒவ்வொரு நகரமும் மரம் சாகும்வரை காத்திருந்து கற்றுக்கொள்ள வேண்டுமா?

விதைநேர்த்தி

அப்படிக் கணித்த பெரிய ஆய்வு ஒன்று 2022இல் வந்தது. 78 நாடுகளின் 164 நகரங்களில் வளரும் 3,129 மர, செடி இனங்களை எடுத்துக்கொண்டு, அவை இயற்கையில் வாழும் இடங்களின் வெப்பத்தோடும் மழையோடும் நகரங்களின் நிலைமையை ஒப்பிட்டார்கள். வெப்பநிலையில் 56 விழுக்காடு இனங்களும், மழையில் 65 விழுக்காடு இனங்களும் இப்போதே தமக்குப் பழக்கமான எல்லைக்கு வெளியே வாழ்கின்றன என்றும், 2050க்குள் அவை முறையே 76, 68 என்று ஆகக்கூடும் என்றும் கண்டார்கள். அந்த ஆய்வே பல நகரங்களின் மரப் பட்டியல்களைத் திரட்டியதால்தான் நடந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எல்லைக்கு வெளியே இருப்பது வேறு, செத்துப்போவது வேறு. நகரத்தில் யாரோ நீர் ஊற்றுகிறார்கள், பக்கத்துக் கட்டடம் நிழல் தருகிறது, சில இனங்கள் இயற்கையில் போட்டியால் ஒதுங்கி வாழ்ந்தவை என்பதால் நாம் நினைப்பதை விடக் கூடுதலாகவே தாங்குகின்றன. கணிப்பு ஐயத்துக்குரிய இனங்களின் பட்டியலைத் தரும். அவற்றுள் எவை உண்மையில் விழுகின்றன என்று சொல்ல இறப்புப் பதிவு வேண்டும்.

இன்னொன்று, பன்மை. ஒரே இனம் 10 விழுக்காட்டையும், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) 20 விழுக்காட்டையும், ஒரே குடும்பம் (நெருங்கிய பேரினங்களின் தொகுதி) 30 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்ற விதி 1990இல் அமெரிக்காவில் முன்வைக்கப்பட்டது. மெல்பர்ன் அதை இன்னும் இறுக்கி 5, 10, 20 ஆக்கிக்கொண்டது. வட அமெரிக்காவில் எல்ம் மரங்கள் பூஞ்சை நோயால் அழிந்தபோது, பல நகரங்கள் அந்த இடங்களில் ஆஷ் மரங்களை வரிசையாக நட்டன. 2002இல் டெட்ராய்ட் பகுதியில், ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு கண்டறியப்பட்ட பிறகு அவையும் கோடிக்கணக்கில் போயின. தம்மிடம் ஆஷ் எத்தனை, எங்கெங்கே என்று பதிந்து வைத்திருந்த நகரங்களால் எவற்றுக்கு மருந்து செலுத்துவது, எவற்றை அகற்றுவது என்று முன்னரே முடிவெடுக்க முடிந்தது.

இந்த விழுக்காட்டு விதியும் ஓட்டை உள்ளதுதான். ஒட்டுக்கட்டிய கன்றுகள் ஒரே தாய்மரத்தின் நகல்கள் என்றால், ஆயிரம் மரங்களும் மரபளவில் ஒரே மரம். ஆகவே இனப்பெயரோடு கன்றின் வகைப்பெயரையும் அது வந்த நாற்றங்காலையும் எழுத வேண்டும். அதேபோல், இனம் உறுதியாகத் தெரியாதபோது பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளப் படிவம் இடம் தர வேண்டும். ஊகித்து எழுதிய இனப்பெயர் காலிக் கட்டத்தை விட அதிகக் கேடு செய்யும். காலிக் கட்டத்தை யாராவது பின்னால் நிரப்புவார்கள், தவறான பெயரை யாரும் ஐயுறவே மாட்டார்கள்.

அளவுநாடா

எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்ற மூன்றாம் கேள்வி அப்படியே நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை என்கிறது. நியூயார்க் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணியது. எல்லா மரங்களையும் ஒரே மூச்சில் எண்ணுவதை விட, குலுக்கல் முறையில் தேர்ந்த சில தெருக்களை ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளப்பதும், புதிதாக நட்ட கன்றுகளை முதல் ஐந்து ஆண்டுகள் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பதும் குறைந்த செலவில் அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. தெருக்களை நாமே பொறுக்கினால் அழகான தெருக்களையே பொறுக்குவோம், எனவேதான் குலுக்கல். கடும் வெப்ப அலையோ புயலோ வந்த ஆண்டில் மட்டும், அதே தெருக்களைச் சில மாதங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். பழைய அளவின் மேல் புதிய அளவை எழுதாமல், கீழே புது வரிசையாகச் சேர்ப்பதும் விதியாக இருக்கட்டும்.

நிழற்சாலை

குலுக்கல் தெருக்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தத் தெருக்களுக்கு வெளியே சாகும் மரங்களை யார் எழுதுவார்கள்? கவாத்து ஐயா, வெட்டும் குழுவினரிடம் இதைக் கேட்டால் செய்வார்களா?

கவாத்து

பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு மாலைக்குள் முடிக்க வேண்டிய மரங்கள் வரிசையில் நிற்கும். கைபேசியில் நான்கு கேள்விகள் மட்டும் இருந்தால் செய்வார்கள்: குழி எண், இனம், காரணம், ஒரு படம். காரணத்துக்கு வறட்சி, வேர் அறுப்பு, பூச்சி அல்லது பூஞ்சை, புயல், வாகனம் மோதியது, கட்டுமானத்துக்காக அகற்றியது, தெரியவில்லை என்ற ஏழு தெரிவுகள் போதும். கடைசித் தெரிவை எடுத்துவிடக் கூடாது. எடுத்தால் எல்லா மரங்களும் வறட்சியால் செத்ததாகிவிடும். படத்தை மரம் நிற்கும்போதே எடுக்க வேண்டும், பட்டையும் கவட்டையும் தெரியும்படி. இனம் தெரியாதவர் எடுத்திருந்தாலும், தெரிந்தவர் பிறகு பார்த்துச் சொல்லிவிடலாம். வெட்டுக்கூலிப் பட்டியலை இந்தப் படிவத்தோடு கட்டிப்போட்டுவிட்டால், அதாவது படிவம் வராத மரத்துக்குக் கூலி இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், யாரும் நினைவூட்ட வேண்டிய தேவையே இருக்காது.